பிரெக்ஸிட் முட்டுக்கட்டையை வாக்குப் பட்டியலை வைத்துப் படிப்பது எப்படி

2019-ல் பிரிட்டன் நாடாளுமன்றம் பிரெக்ஸிட், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் விஷயத்தில் மாதக்கணக்கில் நகராமல் நின்றதே, அதைச் செய்தித் தலைப்புகளை மட்டும் வைத்துப் புரிந்துகொள்ள முயன்றால் குழப்பம்தான் மிஞ்சும். ஜனவரி 15 அன்று கன்சர்வேட்டிவ் கட்சிப் பிரதமர் தெரசா மே கொண்டுவந்த விலகல் ஒப்பந்தம் 432-க்கு 202 என்று தோற்றது. 230 வாக்கு வித்தியாசம். ஜனநாயக காலத்தில் எந்த பிரிட்டிஷ் அரசும் கீழவையில் இவ்வளவு மோசமாகத் தோற்றதில்லை. மறுநாளே நம்பிக்கை வாக்கெடுப்பில் அதே மே 325-க்கு 306 என்று தப்பினார், முந்தைய இரவு அவரைத் தோற்கடித்த சொந்தக் கட்சிக்காரர்களே வந்து காப்பாற்றினார்கள். இந்த இரண்டு நாளையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் பிடிபட்டுவிடும்.

தேவையான பொருள் எல்லாம் இலவசமாகவே கிடைக்கிறது. ஹன்சார்ட் என்ற நாடாளுமன்றப் பதிவேட்டில் ஒவ்வொரு நாளின் விவாதமும் கிட்டத்தட்ட சொல்லுக்குச் சொல் இருக்கிறது, ஒவ்வொரு வாக்கெடுப்பிலும் யார் எந்தப் பக்கம் போனார்கள் என்ற பெயர்ப் பட்டியலும் இருக்கிறது. ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி: எதுவுமே செய்யாவிட்டால் என்ன ஆகும்?

தாளின் உச்சியில் இதைத்தான் எழுத வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான குழப்பம் இதை மறப்பதால் வருகிறது. 2016 ஜூன் 23 பொதுவாக்கெடுப்பில் 51.9 சதவீதம் பேர் விலகலாம் என்றார்கள். 2017 மார்ச் 29 அன்று பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றிய உடன்படிக்கையின் 50-வது பிரிவின்படி முறைப்படி கடிதம் கொடுத்தது. அந்தப் பிரிவு சொல்வது இதுதான்: இரண்டு வருடத்துக்குள் ஒப்பந்தம் ஆகாவிட்டாலும் அந்த நாடு வெளியே போய்விடும், கால நீட்டிப்பு வேண்டுமென்றால் மற்ற எல்லா உறுப்பு நாடுகளும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். அதாவது லண்டனில் யாரும் எதற்கும் வாக்களிக்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் 2019 மார்ச் 29 இரவு 11 மணிக்கு ஒப்பந்தமே இல்லாமல் விலகல் நடந்திருக்கும்.

அதைத் தடுக்க வழிகள் மூன்றுதான். ஏதோ ஒரு ஒப்பந்தத்தை ஏற்பது, மற்ற 27 நாடுகளிடம் அவகாசம் கேட்டு வாங்குவது, அல்லது கடிதத்தையே திரும்பப் பெறுவது. மூன்றாவதை பிரிட்டன் தன்னிச்சையாகவே செய்யலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2018 டிசம்பர் 10 அன்று தீர்ப்பளித்திருந்தது.

கெடு தேதி எப்படி நகர்ந்தது என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்: மார்ச் 29, பிறகு ஏப்ரல் 12, பிறகு அக்டோபர் 31, கடைசியில் 2020 ஜனவரி 31. எந்த வாக்கெடுப்பைப் படித்தாலும் அன்றைக்குக் கெடு எது, அதற்கு எத்தனை நாள் இருந்தது என்று பார்த்துவிட்டுப் படியுங்கள். கெடுவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு எம்.பி. வாக்களிக்கிற விதமும் இரண்டு வாரம் இருக்கும்போது வாக்களிக்கிற விதமும் ஒன்றாக இருக்காது.

அடுத்து, தலைகளை எண்ணுங்கள்

கீழவையில் 650 இடங்கள். ஆனால் 326 தேவை என்று கணக்குப் போட்டால் தப்பாகிவிடும். சபாநாயகரும் மூன்று துணைச் சபாநாயகர்களும் வாக்களிப்பதில்லை. வட அயர்லாந்தின் சின் ஃபெய்ன் கட்சியின் 7 பேர் கொள்கை அடிப்படையில் அவைக்கே வருவதில்லை. வாக்குகளை எண்ணுகிற நான்கு பேரின் வாக்கு எந்தப் பக்கக் கணக்கிலும் சேராது. மிச்சம் 635, பாதியைத் தாண்ட 318. இப்போது ஜனவரி 15 எண்களைக் கூட்டிப் பாருங்கள், 432-ம் 202-ம் சேர்ந்தால் 634. வரக்கூடிய கிட்டத்தட்ட அத்தனை பேரும் வந்து வாக்களித்திருக்கிறார்கள். விலகி நின்றதாலோ அசிரத்தையாலோ வந்த தோல்வி இல்லை அது, ஒவ்வொருவரும் யோசித்தே எதிர்த்திருக்கிறார்கள்.

2017 ஜூன் தேர்தலில் மே பெரும்பான்மையை இழந்திருந்தார், வட அயர்லாந்து பிரிட்டனோடு சேர்ந்தே இருக்க வேண்டும் என்கிற அங்குள்ள டி.யு.பி. கட்சியின் 10 பேர் தந்த ஆதரவில்தான் ஆட்சி நடந்தது. இந்த 10 பேரை மறக்கவே வேண்டாம், கதை முழுக்க வருவார்கள்.

‘வேண்டாம்’ என்றவர்களைப் பிரித்துப் பாருங்கள்

இங்கேதான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும். பிரிட்டனில் ‘ஆம்’ என்பவர்களும் ‘இல்லை’ என்பவர்களும் தனித்தனி வாசல் வழியாக நடந்துபோய்த்தான் வாக்களிப்பார்கள். அன்று 432 பேர் ஒரே வாசல் வழியாகப் போனார்கள், ஆனால் ஒரே காரணத்துக்காகப் போகவில்லை.

மே அரசுக்கும் ஒன்றியத்துக்கும் இடையே ஆன ஒப்பந்தம் 585 பக்கம். சிக்கல் வந்தது வட அயர்லாந்து எல்லையில். வட அயர்லாந்து பிரிட்டனோடு வெளியே போகிறது, அயர்லாந்து குடியரசு ஒன்றியத்துக்குள்ளேயே இருக்கிறது, இடையில் சுமார் 500 கிலோமீட்டர் எல்லை. பல வருட ரத்தக்களறிக்குப் பிறகு 1998-ல் ஆன புனித வெள்ளி உடன்படிக்கையால் அமைதி வந்து, அந்த எல்லையில் சோதனைச் சாவடிகள் இல்லாமல் மக்கள் வேலைக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வந்துகொண்டிருந்தார்கள். அந்தச் சாவடிகள் திரும்ப வரக்கூடாது என்பதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. அதற்காக ஒப்பந்தத்தில் வைத்த ஏற்பாட்டின் பெயர்தான் பேக்ஸ்டாப்: எதிர்கால வர்த்தக உடன்பாடு நேரத்துக்கு ஆகாவிட்டால் பிரிட்டன் முழுவதும் ஒன்றியத்தோடு ஒரே சுங்க எல்லைக்குள் இருக்கும், வட அயர்லாந்து மட்டும் கூடுதலாகச் ஒன்றியத்தின் ஒற்றைச் சந்தை விதிகளில் (பொருள்களுக்கான பொதுவான தர விதிகள் போன்றவை) சிலவற்றையும் பின்பற்றும், பிரிட்டன் தன்னிச்சையாக இதிலிருந்து வெளியேற முடியாது.

கன்சர்வேட்டிவ் கட்சியின் தீவிர விலகல் அணிக்கு ‘என்றென்றும் மாட்டிக்கொள்வோம்’ என்ற பயம். டி.யு.பி.க்கு ‘எங்களை மட்டும் தனியாக நடத்துகிறார்கள்’ என்ற கோபம். ஒன்றியத்தில் இருக்க விரும்பியவர்களுக்கு இந்த ஒப்பந்தம் உறுப்புரிமையைவிட மோசமாகத் தெரிந்தது. முக்கிய எதிர்க்கட்சியான தொழிற்கட்சி நிரந்தர சுங்க ஒன்றியம், அதாவது ஒன்றியத்தோடு எப்போதும் ஒரே சுங்க எல்லை, கேட்டது. விலகல் போதவில்லை என்பவரும் விலகலே வேண்டாம் என்பவரும் அன்று ஒன்றாக நடந்து போனார்கள். அதனால் பட்டியலைத் திறந்ததும் கட்சிவாரியாகப் பார்த்து, பிறகு ஒவ்வொரு கட்சிக்குள்ளும் எத்தனை பேர் எதிர்த்தார்கள் என்று குறியுங்கள். கன்சர்வேட்டிவ் எதிர்ப்பாளர்கள் ஜனவரி 15-ல் 118. மார்ச் 12-ல் அதே ஒப்பந்தம் 391-க்கு 242 என்று தோற்றபோது 75. மார்ச் 29-ல் 344-க்கு 286 என்று மூன்றாவது முறை தோற்றபோது 34. கெடு நெருங்க நெருங்க ‘இதையும் விட்டால் பிரெக்ஸிட்டே கிடைக்காதோ’ என்ற பயத்தில் விலகல் அணி கரைந்தது இந்த மூன்று எண்ணிலும் தெரிகிறது. டி.யு.பி.யின் 10 பேர் மூன்று முறையும் அசையவில்லை. தொழிற்கட்சியிலிருந்து மார்ச் 29-ல் மே-க்கு வந்தவர்கள் வெறும் 5 பேர்.

தீர்மானமா, சட்டமா?

எண்ணைப் பார்த்துவிட்டு அது எதன் மீது விழுந்த வாக்கு என்று கேளுங்கள். மார்ச் 13 அன்று ஒப்பந்தம் இல்லாமல் விலகக்கூடாது என்று கீழவை 321-க்கு 278 என்று சொன்னது. தலைப்புகள் ‘நோ டீல் நிராகரிப்பு’ என்று வந்தன. ஆனால் அது தீர்மானம், அவையின் கருத்து, அவ்வளவுதான். 50-வது பிரிவின் கடிகாரம் அதைக் கேட்டு நிற்கவில்லை. இதோடு ஏப்ரல் 3 இரவை ஒப்பிடுங்கள்: அவகாசம் கேட்கும்படி பிரதமரைக் கட்டாயப்படுத்தும் மசோதா 313-க்கு 312 என்று நிறைவேறியது. ஒரே ஒரு வாக்கு, ஆனால் அது சட்டம். என் பார்வையில் அந்த ஒரு வாக்கின் எடை மார்ச் 13-ன் 43 வாக்கு வித்தியாசத்தைவிட அதிகம்.

சரி, ஒரு சாதாரண எம்.பி.யால் எப்படி மசோதா கொண்டுவந்து நிறைவேற்ற முடிந்தது? வழக்கமாக அன்றன்றைக்கு அவையில் எதைப் பேசுவது என்பதை அரசுதான் முடிவுசெய்யும். மார்ச் 25-ல் கன்சர்வேட்டிவ் எம்.பி. ஆலிவர் லெட்வின் கொண்டுவந்த திருத்தம் 329-க்கு 302 என்று வென்றபோது அந்த அதிகாரத்தை ஒரு நாளுக்கு அவையே எடுத்துக்கொண்டது. ஆகவே நிகழ்ச்சி நிரல் சம்பந்தப்பட்ட வாக்கெடுப்பு என்று கண்ணில் பட்டால் சலிப்பாக இருக்கிறதே என்று தாண்டிப் போய்விடாதீர்கள், பெரும்பாலும் அன்றைய முக்கிய வாக்கே அதுதான். சபாநாயகர் ஜான் பெர்கோவின் முடிவுகளும் இதே ரகம். ஒரே கேள்வியை ஒரே கூட்டத்தொடரில் திரும்பத் திரும்பக் கொண்டுவர முடியாது என்று 1604-லிருந்து வரும் மரபை மார்ச் 18-ல் அவர் எடுத்துச் சொன்னார். அதனால்தான் மூன்றாவது முறை விலகல் ஒப்பந்தத்தை மட்டும், எதிர்கால உறவுக்கான அரசியல் அறிக்கையைக் கழற்றிவிட்டு, மே கொண்டுவர வேண்டியதாயிற்று.

ஏப்ரல் 1-ஐத் தனியாகப் படியுங்கள்

அவையே கையில் எடுத்த நாட்களில் என்ன நடந்தது என்பது எனக்கு இன்றும் வருத்தம் தரும் விஷயம். மார்ச் 27-ல் எட்டு யோசனைகள், காகிதச் சீட்டில் வாக்கு, எட்டும் தோல்வி. ஏப்ரல் 1-ல் நான்கு யோசனைகள், மறுபடி நான்கும் தோல்வி. ஆனால் எண்களைப் பாருங்கள்: சுங்க ஒன்றியம் 273-க்கு 276. மூன்றே வாக்கு. ஒப்பந்தத்தை மக்களிடம் திரும்ப வாக்கெடுப்புக்கு விடுவது 280-க்கு 292. இந்த இரண்டாவதற்குத்தான் அன்று அதிக ஆதரவு, ஆனால் எதிர்ப்பும் அதிகம். சுங்க ஒன்றியத்தின் 276-ஐயும் 273-ஐயும் கூட்டினால் 549, 80-க்கும் மேற்பட்டவர்களைக் காணோம். அமைச்சரவைக்கு வாக்களிக்காமல் இருக்கும்படி உத்தரவு இருந்தது. மறுவாக்கெடுப்பு கேட்டு நின்றவர்களில் சிலர் சுங்க ஒன்றியத்துக்கு ஆதரவு தரவில்லை, அது ஜெயித்துவிட்டால் தங்கள் வழி அடைபட்டுவிடும் என்று நினைத்தார்கள். ஒவ்வொருவரும் தங்களுக்குப் பிடித்த முதல் தேர்வுக்காக இரண்டாவது தேர்வைக் கொன்றார்கள் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். இணக்கம் தேடி உழைத்த நிக் போல்ஸ் முடிவைக் கேட்டதும் அங்கேயே எழுந்து கன்சர்வேட்டிவ் கட்சியை விட்டு விலகுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஹன்சார்டில் அந்தப் பக்கத்தைப் படித்துப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: பட்டியலில் ‘வாக்கு பதிவாகவில்லை’ என்று ஒருவர் பெயர் இருந்தால் அவர் வேண்டுமென்றே விலகினார் என்று உடனே எழுதிவிடாதீர்கள். உடல்நிலை சரியில்லாதவர், வெளியூரில் இருப்பவர், எதிரணியில் ஒருவரோடு பேசிவைத்து இருவருமே வராமல் இருப்பவர் எல்லாரும் அந்தப் பட்டியலில்தான் வருவார்கள். அந்த நாளின் விவாதத்தில் அவர் பேசியிருக்கிறாரா என்று பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும்.

போரிஸ் ஜான்சன் காலத்துக்கு வந்தால்

மே-க்கு அடுத்துப் பிரதமரானவர் ஜான்சன். கேள்விகள் அதேதான், வேகம் மட்டும் கூடுகிறது. செப்டம்பர் 3-ல் நிகழ்ச்சி நிரலை அவை 328-க்கு 301 என்று கைப்பற்றியது, அதற்கு வாக்களித்த 21 கன்சர்வேட்டிவ் எம்.பி.க்களைக் கட்சி நாடாளுமன்றக் குழுவிலிருந்து நீக்கியது. அக்டோபர் 19-க்குள் ஒப்பந்தம் ஆகாவிட்டால் ஜனவரி 31 வரை அவகாசம் கேட்க வேண்டும் என்று சட்டம் வந்தது. ஜான்சன் தேர்தலுக்குப் போகப் பார்த்தார், 2011-ன் நிலையான நாடாளுமன்றக் காலச் சட்டப்படி அதற்கு மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 434 வாக்கு தேவைப்பட்டது. கிடைத்தது 298. அந்த வாக்கில் அவர் 298-க்கு 56 என்று ‘ஜெயித்தும்’ தோற்றார், எண்ணை மட்டும் பார்த்தால் இது புரியவே புரியாது. நாடாளுமன்றத்தை ஐந்து வாரம் ஒத்திவைத்தது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் செப்டம்பர் 24-ல் ஒருமனதாகச் சொன்னார்கள். நாடாளுமன்றம் மக்களுக்கு எதிரி என்ற பேச்சு அப்போது பலமாக இருந்தது, எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. ‘விலகலாமா’ என்று மட்டும் கேட்ட வாக்கெடுப்புக்குப் பிறகு ‘எப்படி’ என்பதை யாராவது சண்டை போட்டுத்தானே தீர்மானிக்க வேண்டியிருந்தது?

இப்போது நீங்களே செய்து பாருங்கள்

அக்டோபர் 22-ஐ எடுங்கள். ஜான்சனின் புதிய ஒப்பந்தத்துக்கான மசோதா இரண்டாம் வாசிப்பில் (மசோதாவைக் கொள்கையளவில் ஏற்கும் கட்டம்) 329-க்கு 299 என்று தேறியது. சில நிமிடங்களிலேயே, மூன்று நாளில் எல்லாக் கட்டங்களையும் முடிக்க வேண்டும் என்ற கால அட்டவணை 308-க்கு 322 என்று தோற்றது. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதலாவதில் ‘ஆம்’ என்றும் இரண்டாவதில் ‘இல்லை’ என்றும் போனவர்களின் பெயரை வட்டமிடுங்கள். முதலாவதில் ‘ஆம்’ என்ற 19 தொழிற்கட்சி எம்.பி.க்களிடமிருந்து தொடங்கினால் சீக்கிரம் கிடைப்பார்கள். அன்று கெடு அக்டோபர் 31, அவகாசம் கேட்டு அனுப்பிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை என்பதை மனதில் வைத்து அவர்கள் பேசியதைப் படியுங்கள்.

அப்புறம் டிசம்பர் 20 பட்டியல். இடையில் டிசம்பர் 12 தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சி 365 இடம் வாங்கிவிட்டது, மசோதா 358-க்கு 234 என்று சுலபமாகப் போனது. புதிய ஒப்பந்தத்தில் பேக்ஸ்டாப் போய்விட்டது, பதிலுக்கு சரக்குச் சோதனை வட அயர்லாந்துக்கும் பிரிட்டனின் மற்ற பகுதிக்கும் இடையிலான கடலுக்கு நகர்ந்திருந்தது, டி.யு.பி. அன்றும் எதிர்த்தே வாக்களித்தது. ஜனவரியில் ஒரு அரசையே கவிழாமல் காத்த அந்தக் கட்சியின் வாக்குகள், 80 பெரும்பான்மை இருந்த அவையில் கணக்கிலேயே வரவில்லை.