செட்டிநாட்டு ஊர்களிலிருந்து அவசர உதவியை அழைக்கும் முறை

கைபேசியில் 112 என்று அழுத்தினால் காவல்துறை, தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஆகிய மூன்றையும் அழைக்கலாம் என்பது இன்று பலருக்கும் தெரிந்ததே. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பர் முதல் ஆம்புலன்ஸுக்காக இயங்கிவரும் 108, காவல்துறையின் 100, தீயணைப்புத் துறையின் 101 ஆகிய எண்களும் புழக்கத்தில் இருக்கின்றன. எதற்கும் கட்டணம் கிடையாது. எண்களை மனத்தில் வைத்துக்கொள்வது எளிது. இணைப்பு கிடைத்தபின், நாம் இருக்கும் இடத்தை, நம் ஊரை ஒருமுறைகூடப் பார்த்திராத ஒருவருக்கு விளங்கும்படி சொல்வதில்தான் சிக்கல் வருகிறது.

108 அழைப்புகளை ஏற்கும் மையம் சென்னையில் இருக்கிறது. ஆகவே முதல் வார்த்தையாக மாவட்டத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். செட்டிநாட்டு ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை ஆகிய இரண்டு மாவட்டங்களில் பரவிக் கிடக்கின்றன. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், ஆத்தங்குடி ஆகியவை சிவகங்கையிலும், இராயவரம், கடியாபட்டி, கோனாபட்டு ஆகியவை புதுக்கோட்டையிலும் அடங்கும். சிவகங்கை மாவட்டத்திலுள்ள திருப்பத்தூரை வெறுமனே திருப்பத்தூர் என்று மட்டும் சொன்னால், 2019-இல் தனி மாவட்டமாகிவிட்ட வடக்குத் திருப்பத்தூரைக் கேட்பவர் நினைத்துக்கொள்ள இடமுண்டு. கோட்டையூர், கொத்தமங்கலம் என்ற பெயர்களிலும் வேறு மாவட்டங்களில் ஊர்கள் இருக்கின்றன. மாவட்டம், வட்டம், ஊர், தெரு என்ற வரிசையில் சொன்னால் இந்தக் குழப்பம் நேராது.

அதற்கடுத்தது வீடு. நம் ஊர்களில் ஒரு வீட்டை அதன் விலாசத்தைச் சொல்லி, அதாவது முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைச் சொல்லித்தான் அடையாளம் காட்டுவோம். உள்ளூர்க்காரருக்கு அது போதும், சென்னையில் இருப்பவருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. கதவு எண் பழையது ஒன்றும் புதியது ஒன்றுமாக இருக்கும். வீடோ ஒரு தெருவில் முகப்பைக் கொண்டு, வளவு (முற்றத்தைச் சுற்றியுள்ள உட்பகுதி), இரண்டாம் கட்டு என நீண்டு, அடுத்த தெருவில் பின்வாசலில் முடிகிறது. நோயாளி பின்கட்டில் படுத்திருக்க, வண்டி முகப்பு வாசலில் வந்து நின்றால், ஸ்ட்ரெச்சரை அவ்வளவு நீளமும் படியேற்றிப் படியிறக்கிக் கொண்டுபோக வேண்டியிருக்கும். எனவே எந்தத் தெருவில் உள்ள எந்த வாசலுக்கு வண்டி வர வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லி, அந்த வாசலில் ஓர் ஆளை நிறுத்தி வையுங்கள். இரவாக இருந்தால் அந்த ஆளின் கையில் டார்ச் விளக்கு இருக்கட்டும். அடையாளமாக நகரத்தாரின் சிவன் கோயில், ஊருணி, பள்ளிக்கூடம், ரயில் நிலையம் போன்ற, வரைபடத்திலும் கண்டுபிடிக்கக்கூடிய இடங்களைச் சொல்வது நல்லது.

பேச்சு ஏறத்தாழ இப்படி அமையலாம்: “சிவகங்கை மாவட்டம், காரைக்குடி வட்டம், ஆத்தங்குடியிலிருந்து பேசுகிறேன். எழுபது வயதுப் பெண்மணிக்கு நெஞ்சுவலி. நினைவு இருக்கிறது, மூச்சு வாங்குகிறது. சிவன் கோயிலுக்கு வடக்கே இரண்டாவது தெரு, பின்வாசலில் ஆள் நிற்கிறார். இதே எண்ணில் என்னை அழைக்கலாம்.” இடத்தை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு: நடுவில் இணைப்பு அறுந்துபோனாலும், எங்கே வர வேண்டும் என்பது அவர்கள் கையில் இருக்கும். எதிர்முனையில் கேட்கும் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். அவர்கள் முடிக்கும்வரை அழைப்பைத் துண்டிக்க வேண்டாம். வழி கேட்டு ஆம்புலன்ஸிலிருந்தே அழைப்பு வருவது வழக்கமாதலால், சென்னையிலுள்ள மகனுக்கும் கோயம்புத்தூரிலுள்ள மருமகளுக்கும் செய்தி சொல்வதை வேறொரு கைபேசியில் வைத்துக்கொள்ள வேண்டும். பாம்புக்கடியானால் கடித்த நேரத்தைச் சொல்வது அவசியம். தீப்பிடித்தால், அருகில் ஊருணியோ கண்மாயோ எங்கே இருக்கிறது, அதில் தண்ணீர் உண்டா என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். தேக்கு மரம் நிறைந்த வீடுகளில் தண்ணீர் நிறையவே தேவைப்படும்.

சாலை விபத்தில் வீடோ தெருவோ இராது. கிலோமீட்டர் கல்லில் உள்ள எழுத்து, அருகிலுள்ள மின்கம்பத்தின் எண், கடைசியாகக் கடந்த ஊர், எந்த ஊரை நோக்கிப் போகும் பக்கம் ஆகியவற்றைச் சொன்னால் போதும். தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண்ணும் உதவும். அடிபட்டவருக்கு உதவ வந்தவர் தம் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்று யாரும் வற்புறுத்த முடியாது; மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்த திருத்தம் அதற்குப் பாதுகாப்புத் தருகிறது. சாட்சிக்கு இழுப்பார்களோ என்ற பயத்தில் இன்றும் பலர் வண்டியை நிறுத்தாமல் போய்விடுகிறார்கள் என்பதால்தான் இதை இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

பழைய வீடுகளின் கனத்த சுவர்களுக்குள் சிக்னல் குறைவாகவே இருக்கும். வளவின் முற்றத்துக்கோ தெருவுக்கோ வந்து பேசுங்கள். உங்கள் கைபேசிச் சேவை நிறுவனத்தின் கோபுரம் எட்டாத இடத்திலும், வேறு நிறுவனத்தின் கோபுரம் வழியே 112-ஐ இணைக்கக் கைபேசி முயலும். ஆகவே சிக்னல் இல்லையென்று காட்டினாலும் ஒருமுறை அழைத்துப் பார்ப்பதே முறை. பூட்டிய திரையிலேயே அவசர அழைப்புக்கான பொத்தான் இருப்பதால், மயங்கிக் கிடப்பவரின் கைபேசியிலிருந்தும் அழைக்கலாம். வாட்ஸாப்பிலிருந்து 112-ஐ அழைக்க முடியாது.

112-க்குக் குறுஞ்செய்தியும் அனுப்பலாம் என்றாலும், அதை அழைப்புக்கு அடுத்த நிலையிலேயே வைக்க வேண்டும். செய்தி தாமதமாகப் போய்ச் சேரலாம். யாராவது படித்தார்களா என்பதும் நமக்குத் தெரியாது. பேச முடியாதவர்களுக்கும், வீட்டுக்குள் திருடன் புகுந்திருக்கும்போது ஒளிந்திருப்பவருக்கும், பிள்ளையார்பட்டிச் சதுர்த்தித் திருவிழா போன்ற பெருங்கூட்டத்தில் அழைப்பு போகாமல் தவிப்பவருக்கும் அது கைகொடுக்கும். தமிழில் எழுதும் செய்தி ஒன்றில் 70 குறியீடுகளே அடங்கும். புள்ளி, கொம்பு, துணைக்கால் எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். அதற்கு மேல் போனால் செய்தி துண்டுகளாகப் பிரிந்து போகும். ஆகையால் வணக்கம், ஐயா, அம்மா எதுவும் இல்லாமல், “சிவகங்கை மாவட்டம் பள்ளத்தூர், வடக்குத் தெரு. திருடன். பேச முடியாது” என்ற அளவில் முடித்துக்கொள்ளுங்கள். முதல் துண்டு மட்டுமே போய்ச் சேர்ந்தாலும் ஊர் தெரிந்துவிடும். 112 இந்தியா என்ற செயலியை முன்பே நிறுவிப் பதிவு செய்துவைத்தால், இருக்குமிடத்தையும் அதுவே அனுப்பும்.

பொத்தான் கைபேசி வைத்திருக்கும் ஆச்சிகளுக்கு இன்னும் எளிய வழி ஒன்று இருக்கிறது. 2016-இல் வந்த விதியின்படி, 2017 முதல் இந்தியாவில் விற்கும் சாதாரணக் கைபேசிகளில் 5 அல்லது 9 என்ற பொத்தானை நீண்ட நேரம் அழுத்தினால் அவசர அழைப்பு போக வேண்டும். ஸ்மார்ட்போனில் பவர் பொத்தானை விரைவாக மூன்று முறை அழுத்த வேண்டும். சில ஸ்மார்ட்போன்களில் ஐந்து முறை என்று இருக்கும்; அமைப்புகள் பகுதியில் பார்த்துக்கொள்ளலாம். சரியாக இருக்கிறதா என்று சோதிப்பதற்காக உண்மையாகவே அழைத்துவிடக் கூடாது. பேரப்பிள்ளை விளையாட்டில் அழுத்திவிட்டால் உடனே துண்டிக்காமல், தவறுதலாக வந்த அழைப்பு என்று சொல்லிவிட்டு வையுங்கள்.

குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, முதியோருக்கு 14567, இணையப் பண மோசடிக்கு 1930 ஆகிய எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். உயிருக்கு ஆபத்தென்றால் 112-ஐயே அழைக்க வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. அப்பத்தா ஊரில் தனியாக விழுந்து கிடக்கிறார் என்று அறிந்து, சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ இருந்து 112-ஐ அழுத்தினால் அங்குள்ள அவசர சேவையைத்தான் எட்டலாம். காரைக்குடிக்கு அந்த அழைப்பு வராது. 108-க்கும் இதே நிலைதான். உள்ளூர்க் காவல் நிலையம், மருத்துவமனை ஆகியவற்றின் தரைவழி எண்களை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காரைக்குடியின் 04565 என்ற குறியீட்டை வெளிநாட்டிலிருந்து அழைக்கையில் பூச்சியத்தை நீக்கி, +91 சேர்த்து +91 4565 என்று தொடங்க வேண்டும். அதைவிட விரைவானது, பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரிடமும் வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடமும் முன்கூட்டியே பேசி, தேவைப்பட்டால் அவர்கள் 108-ஐ அழைக்க ஏற்பாடு செய்வது. பெரிய கதவு உட்புறம் தாழிட்டிருந்தால் எந்தக் கதவு வழியாக உள்ளே வரலாம், அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் அந்த இருவருக்கும் சொல்லி வையுங்கள்.