ரைகிராஸ் புல்லில் வளர்ச்சிக்கும் குளிர் தாங்குதலுக்கும் மரபு வரைபடம்: தொடக்கநிலை வழிகாட்டி

ஐரோப்பியப் பால்பண்ணைகளில் பரவலாக விதைக்கப்படும் மேய்ச்சல் புல், பல்லாண்டு ரைகிராஸ். வேகமாக வளரும், மாடுகளும் விரும்பித் தின்னும். ஆனால் நார்வே, பின்லாந்து போன்ற நாடுகளின் பனிக்காலத்தைத் தாண்டத் திணறும். இந்த இரண்டு பண்புகளும் குரோமோசோமில் எங்கே இருக்கின்றன என்று தேடும் வழி இது.

படி 1: பெற்றோர். குளிர் தாங்கும் செடி ஒன்று, தாங்காதது ஒன்று. ரைகிராஸ் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. எஸ், இசட் என்ற இரண்டு மரபிடங்கள் அதைத் தடுத்துவிடும். அதனால் ஒவ்வொரு செடியும் கலப்பு மரபு கொண்டது, அதாவது பல மரபணுக்களில் இரண்டு வேறு வடிவங்களை வைத்திருக்கும். இது நமக்கு வசதிதான்: இரண்டையும் கலந்தால் முதல் தலைமுறையிலேயே பண்புகள் பிரிந்து தெரியும். 150, 200 சேய்ச்செடிகளாவது வேண்டும்.

படி 2: சேய்களின் டிஎன்ஏவை எடுத்து, மார்க்கர்கள் (குரோமோசோமில் இடம் காட்டும் டிஎன்ஏ அடையாளங்கள்) எந்த வரிசையில் அமைந்திருக்கின்றன என்று கண்டுபிடியுங்கள். இருமய (குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாக உள்ள) ரைகிராஸுக்கு 14 குரோமோசோம்கள். எனவே 7 இணைப்புத் தொகுதிகள், அதாவது ஒரே குரோமோசோமில் சேர்ந்து கடத்தப்படும் மார்க்கர் கூட்டங்கள், வர வேண்டும். வராவிட்டால் முதலில் தரவைச் சரிபாருங்கள்.

படி 3: அளவீடு. என்னைக் கேட்டால் பாதி உழைப்பை இங்கேதான் போட வேண்டும். ஒவ்வொரு செடியின் தூர்களையும் பிரித்து நட்டால் ஒரே மரபுள்ள பல நகல்கள் கிடைக்கும். ஒரு நகலில் உயரமும் உலர் எடையும் பாருங்கள். இன்னொன்றைச் சில வாரம் 2 முதல் 4 டிகிரி செல்சியஸில் வைத்துக் குளிருக்குப் பழக்குங்கள். இதை விட்டுவிட்டால் தாங்கக்கூடிய செடியும் சேர்ந்து சுருண்டுவிடும், வேறுபாடே தெரியாது. அப்புறம் இலைத்துண்டுகளைப் படிப்படியாக உறையவைத்து, உருகியதும் தூய நீரில் போட்டு மின்கடத்துதிறனை அளக்கவும். செல்சவ்வு கிழிந்திருந்தால் அயனிகள் கசியும். கசிவு கூடக்கூட சேதமும் அதிகம்.

படி 4: ஆர் என்ற கணினி மொழியில் இலவசமாகக் கிடைக்கும் ஆர்/க்யூடிஎல் (பண்புகளின் மரபிடங்களைத் தேடும் மென்பொருள்) தொகுப்பில் தரவை ஏற்றுங்கள். இரண்டு பெற்றோரும் கலப்பு மரபு என்பதால் நால்வழிக் கலப்பு (பெற்றோருக்கு இரண்டாக நான்கு மரபு வடிவங்கள் கலப்பது) வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். லாட் மதிப்பு (ஓர் இடத்துக்கும் பண்புக்கும் தொடர்பு உண்டு என்பதற்கான சான்றின் வலிமை) 3 தாண்டிவிட்டது என்று உடனே நம்பிவிடாதீர்கள். அளவீடுகளைச் செடிகளுக்கிடையே 1000 முறை குலுக்கிப்போட்டு உங்கள் தரவுக்கான வரம்பைக் கண்டுபிடியுங்கள்.

படி 5: வளர்ச்சியின் முகடும் குளிர் தாங்குதலின் முகடும் (லாட் மதிப்பு உச்சம் தொடும் இடங்கள்) ஒரே இடத்தில் விழுகின்றனவா? இலையுதிர்காலத்தில் வளர்ச்சியை நிறுத்தும் செடியே பெரும்பாலும் குளிருக்கு நன்றாகப் பழகும். ஒரே இடத்தில் எதிரெதிர் விளைவு என்றால் இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுப்பது கடினம். தனித்தனி இடங்கள் என்றால் வளர்ப்பாளருக்கு நல்ல செய்தி. 4ஆம் தொகுதியில் முகடு வந்தால் அங்குள்ள விஆர்என்1 என்ற குளிர்ப்பதன மரபணுவையும் (நீண்ட குளிருக்குப் பிறகு பூக்கத் தூண்டுவது) கவனியுங்கள். ஆனால் ஒரு முகடுக்குள் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் இருக்கலாம். சிறிய கூட்டத்தில் விளைவும் ஊதிப்பெருத்துத் தெரியும். வேறொரு கலப்பில் அதே இடம் மறுபடி வந்த பிறகே தேர்வுக்குப் பயன்படுத்துங்கள்.