"எங்க மிஸ் இன்னைக்கு வரலையா?": ஒரு நாள் மாற்று ஆசிரியர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வகுப்பு வாசலில் கால் வைத்ததும் வரும் முதல் கேள்வி இது. "வரல" என்று நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் பின்பெஞ்சிலிருந்து ஒரு "ஹே..." கிளம்பும். எனக்கும் கிளம்பியது. வடசென்னையில் ரயில் பாதையை ஒட்டிய பள்ளி, மூன்றாம் வகுப்பு, 38 பிள்ளைகள், ஒரு நாள் பொறுப்பு. கீழே உள்ள தவறுகளில் பெரும்பாலானவற்றை அன்று நானே செய்தேன்.

அந்த "ஹே"வைக் கேட்டதும் குரலை உயர்த்தினேன் பாருங்கள், அதுதான் முதல் தவறு. ஸ்கேலால் மேசையைத் தட்டி "சைலன்ஸ்!" என்றேன். பத்து விநாடி அமைதி. அடுத்த முறை ஐந்து விநாடி. மூன்றாம் முறை ஒரு பையன் என்னைப் போலவே பென்சில் டப்பாவைத் தட்டி "சைலன்ஸ்!" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். அடக்கியிருக்க வேண்டாம்.

அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கூனின் வகுப்பறைகளை வருடக்கணக்கில் கவனித்து, 1970-இல் அதைத் தொகுத்து எழுதினார். ஒரு பிள்ளையைக் கண்டித்தால் அதன் அலை வேடிக்கை பார்க்கும் மற்ற பிள்ளைகள் மீதும் படும் என்பது அவர் கண்டது. யார், எதை நிறுத்த வேண்டும், பதிலுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகச் சொன்னால் பக்கத்தில் இருப்பவர்களும் ஒழுங்காகிறார்கள். கோபத்தைக் கொட்டினால் அவர்கள் கலங்குகிறார்களே தவிர ஒழுங்காவதில்லை. "அங்க என்னடா சத்தம்?" என்பது யாரையும் தொடாத கேள்வி. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "பாட்டிலை பைக்குள்ள வெச்சுட்டு மூணாவது கணக்கைப் போடு" என்றால் வேலை நடக்கும்.

அதற்குப் பெயர் தெரிய வேண்டுமே! வருகைப்பதிவேட்டை மளமளவென்று வாசித்து முடித்தால், ஒருவன் பெயருக்கு இன்னொருவன் "எஸ் மிஸ்" சொல்வான். மதியம்வரை தவறான பெயரிலேயே கூப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். ஆளுக்கு ஒரு தாளை மடித்துப் பெயர் எழுதி முன்னால் நிறுத்தச் சொல்லுங்கள். அரசுப் பள்ளி என்றால் காலை உணவு நேரத்துக்கே போய்விடுவது இன்னும் நல்லது. 2022-இல் தொடங்கிய திட்டம் அது. உணவு பரிமாறும் அக்காவுக்கு எல்லாப் பிள்ளைகளையும் தெரியும். "அவங்க ரெண்டு பேரையும் பக்கத்துல உக்கார வெக்காதீங்க மிஸ்" என்று அவர் சொன்ன ஒரு வரி, எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்காதது.

அடுத்தது, நம் ஊரில் நாம் எல்லோரும் அனுபவித்தது: கரும்பலகையின் ஓரத்தில் "பேசுபவர்கள்" என்று எழுதி லீடர் கையில் சாக்பீஸைக் கொடுப்பது. மாற்று ஆசிரியருக்கு இது பெரிய வசதி போலத் தோன்றும். அரை மணி நேரம் கழித்துப் பலகையைப் பாருங்கள். லீடரோடு சண்டை போட்டவர்கள் எல்லோரும் அதில் இருப்பார்கள். லீடருக்குப் பாதி கடலை மிட்டாய் கொடுத்தவன் பெயர் அழிந்திருக்கும். ஒரு முறை பெயர் ஏறிவிட்டவனுக்கு இழக்க எதுவும் இல்லை, மேலும் பேசுவான், பெருக்கல் குறி கூடும். அன்று ஒருவனுக்கு ஏழு குறி விழுந்தது. "நான்தான் மிஸ் ஃபர்ஸ்ட்டு" என்று பெருமையாக வந்து காட்டினான். அதோடு, எட்டு வயதுப் பிள்ளையைக் கூட்டாளிகளுக்கே போலீஸ் ஆக்குகிறோம். லீடருக்கு வேறு வேலை கொடுங்கள்: நோட்டு கொடுப்பது, சாக்பீஸ் எடுத்து வருவது, எது எங்கே இருக்கிறது என்று உங்களுக்குக் காட்டுவது.

இத்தனை தவறுகளுக்கும் வேர் ஒன்றுதான். அமைதியை அன்றைய இலக்காக வைத்துக்கொள்கிறோம். கையில் வேலை இல்லாத பிள்ளை பேசத்தான் செய்யும். எல்லோருக்கும் ஒரே வேலையைக் கொடுத்தாலும் கதை அதேதான். தமிழக அரசின் அடிப்படை வாசிப்பு, கணக்குத் திட்டமான எண்ணும் எழுத்தும் வகுப்புகளில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளில் படிக்கிறார்கள். நான் இது புரியாமல் கூட்டல் கணக்கு பத்தைப் பலகையில் எழுதிப்போட்டேன். மலர்ப் பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு எழுந்து திரிந்தார்கள். அரும்புப் பிள்ளைகளுக்குத் தொடங்கவே தெரியவில்லை, அவர்களும் திரிந்தார்கள். பயிற்சி நூலைத் திறந்து, யார் எந்தப் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று பார்க்க அரை மணி நேரம் செலவழித்திருந்தால் போதும்.

ரயில் விஷயத்திலும் இப்படித்தான் ஆரம்பத்தில் மல்லுக்கட்டினேன். மின்சார ரயில் போகும்போதெல்லாம் 38 தலையும் ஜன்னல் பக்கம் திரும்பும். நான்காவது ரயிலுக்கு விட்டுவிட்டேன். "எத்தனை பெட்டி?" "பன்னெண்டு மிஸ்!" "அப்ப மூணு ரயில் போனா?" விரல்களை எண்ணிக்கொண்டே கொஞ்ச நேரம் வகுப்பு தானாக அடங்கியது.

"உங்க மிஸ் வரட்டும், சொல்றேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். என்னால் முடியாது என்று நீங்களே ஒப்புக்கொள்வது அது. அமைதியாக இருந்தால் கடைசி பீரியட் கிரவுண்டு என்ற வாக்குறுதியும் வேண்டாம்; கிரவுண்டில் வேறு வகுப்பு இருக்கும், அல்லது மழை வரும். முட்டி போடவைப்பது, காதைத் திருகுவது பற்றிப் பேச்சே இல்லை. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையைத் தடை செய்கிறது, மனத்தை நோகடிப்பதையும் சேர்த்து. "மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று திட்டுவதும் அதில் அடங்கும்.

சுண்டுவிரல் உயர்ந்தால்? எல்லோரையும் விடுவதும் தவறு, யாரையும் விடாததும் தவறு. டஸ்டரைக் கொடுத்து அனுப்புங்கள். டஸ்டர் திரும்பி வந்தால்தான் அடுத்தவர். மறுத்து, வகுப்பிலேயே ஈரமாகிவிட்டால் அந்தப் பிள்ளையை ஐந்தாம் வகுப்புவரை மற்றவர்கள் விட மாட்டார்கள்.

"மிஸ், இவன் என் ரப்பரை எடுத்துட்டான்" வழக்குகளை ஒவ்வொன்றாக விசாரித்தால் பாடம் நடக்காது. புகாரைத் தாளில் எழுதிக் கொடு, சாப்பாட்டு நேரத்தில் படிக்கிறேன் என்றேன். எழுத வேண்டும் என்றதும் பாதிப் பேர் பின்வாங்கினார்கள். எழுத வராதவர்கள் வாயால் சொல்ல வந்தால் கேட்டுக்கொள்ளுங்கள். வந்த தாள்களைப் படிக்காமல் விடுவது மட்டும் கூடவே கூடாது. அன்று ஆறு தாள் வந்தது. ஐந்து, ரப்பரும் பென்சிலும். ஆறாவதை எழுதிய பெண் வகுப்பு பற்றியே எழுதவில்லை. வீட்டில் நடந்ததை எழுதியிருந்தாள். அதை மடித்துத் தலைமை ஆசிரியரிடம் நேரில் கொடுத்தேன், வேறு யாரிடமும் காட்டவில்லை. பள்ளிக்கு வெளியே உதவி தேவைப்பட்டால் குழந்தைகளுக்கான இலவச எண் 1098 இருக்கிறது.

மணி அடித்ததும் வேலை முடிந்தது என்று பையைத் தூக்காதீர்கள். யார் அம்மா, யார் ஆட்டோ அண்ணன் என்று உங்களுக்குத் தெரியாது. "நான் அவனோட சித்தப்பா" என்று ஒருவர் வந்து நின்றால், பிள்ளை கையை ஆட்டினாலும், அவரைத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் வந்து தலையாட்டும்வரை அனுப்பாதீர்கள். அன்று ஒரு சித்தப்பா கால் மணி நேரம் கேட்டில் நின்று என்னை முறைத்தார். பக்கத்து வகுப்பு மிஸ் வந்து "இவர்தான் டீச்சர், தெனமும் வர்றவர்" என்றதும் கூட்டிப்போனார், முறைப்பு குறையாமலே.