ஒற்றை அறையில் உருவப்பட ஸ்டுடியோ அமைப்பது எப்படி?

ஸ்டுடியோ தொடங்க நினைப்பவர்களில் பெரும்பாலோர் முதலில் விலை விசாரிப்பது கேமராவைத்தான். ஆனால் உருவப்படத்தின் தரத்தைக் கேமராவைவிட அறையின் நீளமும் சுவரின் நிறமும் விளக்கு நிற்கும் இடமுமே பெரிதும் தீர்மானிக்கின்றன. ஆகவே இருக்கும் பணத்தை நல்ல அறைக்கும் நல்ல விளக்கு ஒன்றுக்கும் ஒதுக்கிய பிறகு, மீதியில் கேமராவைப் பற்றி யோசிப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து.

அறையின் நீளத்தை லென்ஸைக் கொண்டு கணக்கிட வேண்டும். ஃபுல் ஃபிரேம் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தின் அளவுக்குச் சென்சார் உள்ள) கேமராவில் 85 மி.மீ. லென்ஸைப் பொருத்தி ஒருவரைத் தலை முதல் கால் வரை எடுக்க ஏறத்தாழ 5 மீட்டர் தொலைவு தேவைப்படும். அவருக்கும் பின்திரைக்கும் இடையே ஒன்றரை மீட்டர், படம் எடுப்பவர் நிற்க முக்கால் மீட்டர் என்று கூட்டினால் 24 அடி நீளம் வந்துவிடும். வாடகைக்குப் பார்க்கும் கடை 10க்கு 20 அடிதான் என்றால், முழு உருவத்துக்கு 50 மி.மீ. லென்ஸையும் மார்பளவுப் படத்துக்கு 85 மி.மீ. லென்ஸையும் வைத்துக்கொண்டு தாராளமாக வேலை செய்யலாம். இடம் போதவில்லை என்பதற்காக அகலக்கோண லென்ஸுடன் முகத்தை நெருங்கினால் மூக்கு பெருத்தும் காதுகள் சிறுத்தும் தெரியும். அதைப் பின்னால் கணினியில் சரிசெய்வது பெரும்பாடு.

சுவர்களுக்குப் பளபளப்பில்லாத வெள்ளை அல்லது சாம்பல் நிறமே பொருந்தும். நம் வீடுகளில் விரும்பி அடிக்கும் இளம்பச்சையும் ரோஸும் விளக்கின் ஒளியைத் தம் நிறத்தோடு முகத்தின் மீது திருப்பியடித்துவிடும்.

மின்விளக்குக்கு முந்தைய காலத்தில் ஐரோப்பிய ஸ்டுடியோக்கள் நேர் வெயில் படாத வடக்குச் சன்னலை நம்பியிருந்தன. தமிழகத்தில் அந்த அறிவுரையை அப்படியே ஏற்க முடியாது. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிப்பொழுதுச் சூரியனே வடக்குப் பக்கம் சாய்ந்து நிற்கும். சன்னல் ஒளியில் எடுக்க விரும்புவோர் மெல்லிய வெள்ளைத் துணியைத் திரையாகக் கட்டிக்கொள்ள வேண்டும்; பிளாஷில் எடுக்கும்போது சன்னலைக் கனத்த திரையால் மூடிவிட வேண்டும்.

தொடக்கத்துக்கு 300 அல்லது 400 வாட்-செகண்ட் திறனுள்ள ஸ்டுடியோ பிளாஷ் ஒன்று, ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் 3 அல்லது 4 அடி அகலமுள்ள துணிப்பெட்டியான சாஃப்ட் பாக்ஸ், உறுதியான ஸ்டாண்டு, கேமராவோடு சேர்ந்து பிளாஷை மின்னச் செய்யும் டிரிகர், ஒரு பக்கம் கறுப்புத் தாள் ஒட்டிய பெரிய தெர்மகோல் அட்டை ஆகியவை போதும். கேமராவில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, ஷட்டர் 1/125 நொடி, லென்ஸின் துளை எஃப் 8 என்று வைத்து, பிளாஷை அணைத்துவிட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். அது முழுக் கறுப்பாக வந்தால், அறையின் டியூப்லைட் வெளிச்சம் படத்தில் கலக்கவில்லை என்று பொருள். பிறகு பிளாஷை ஏற்றி, உட்கார்ந்திருப்பவரின் முகத்துக்கு 45 பாகைப் பக்கவாட்டில், கண்மட்டத்துக்குச் சற்று மேலே, 4 அடி தொலைவில் நிறுத்த வேண்டும். இன்னும் விலக்கினால் நிழலின் விளிம்பு கடுமையாகிவிடும். மறுபக்கம் தெர்மகோலின் வெள்ளைப் பக்கத்தைக் காட்டினால் நிழல் இளகும்; கறுப்புப் பக்கத்தைக் காட்டினால் கன்னத்தின் வடிவம் எடுப்பாகத் தெரியும். விளக்கிலிருந்து பின்திரை 8 அடி தள்ளியிருந்தால், முகத்தில் விழும் ஒளியில் கால் பங்குதான் அதன்மீது விழும் என்பதால் வெள்ளைத் திரையே சாம்பல் நிறமாகப் பதியும். எனவே நிறத்துக்கொரு திரை வாங்க வேண்டியதில்லை.

ஒளியின் அளவைச் சரிபார்க்க, தலையில் மல்லிகைச் சரம் வைத்து வந்தவரைப்போல் உதவக்கூடியவர் வேறு எவருமில்லை. எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். இதழ்கள் தனித்தனியே தெரிந்தால் அளவு சரி, வெறும் வெள்ளைத் திட்டாகத் தெரிந்தால் பிளாஷைக் குறைக்க வேண்டும். சரிகையிலும் மூக்குத்தியிலும் சிறு புள்ளிகளாக மின்னுவதைப் பற்றிக் கவலை வேண்டாம். மாநிறத்தவரையும் கறுத்த நிறத்தவரையும் வெளுப்பாகக் காட்டுவதற்காக ஒளியைக் கூட்டும் வழக்கத்தை மட்டும் அடியோடு விட்டுவிட வேண்டும். கறுத்த தோலின் அழகு அதில் படரும் மென்மையான மினுமினுப்பில் இருக்கிறது, பெரிய சாஃப்ட் பாக்ஸ் அதை அப்படியே காட்டிக்கொடுக்கும். நெற்றியில் வியர்வை மின்னினால் மெல்லிய தாளால் ஒற்றியெடுத்தால் போதும்.

மூக்குக்கண்ணாடியில் சாஃப்ட் பாக்ஸ் தெரிந்தால் விளக்கை உயர்த்தலாம், அல்லது காதருகே உள்ள கம்பிகளை ஒரு நூல் தூக்கிவிடலாம். இளையவர்களுக்குச் சாய்மானமில்லாத முக்காலியும், முதியவர்களுக்குக் கைப்பிடி நாற்காலியும் வேண்டும். கண்ணாடியும் சீப்பும் உள்ள சிறு மறைப்பையும் அறைக்குள்ளேயே ஒதுக்கிவிடுங்கள். மின்விசிறி முடியைக் கலைத்துவிடும் என்பதால், வசதியிருந்தால் ஏசி பொருத்துவது நல்லது.

பிளாஷை எர்த் உள்ள பிளக்கில் மட்டுமே இணைக்க வேண்டும். அதன் கப்பாசிட்டரில் அணைத்த பிறகும் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தேங்கியிருக்கக்கூடும் என்பதால், பழுதானால் தாமே திறந்து பார்க்காமல் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுக்க வேண்டும். எல்லாம் திருப்தியாக அமைந்ததும் முக்காலி, ஸ்டாண்டு, கேமரா ஆகியவற்றின் இடங்களைத் தரையில் வண்ண டேப்பால் குறித்துவிட்டால், பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு அவசரமாக வருபவரையும் காக்க வைக்காமல் உடனே உட்கார வைத்து எடுத்துவிடலாம்.