போனில் கொடி மின்னல்: எனக்கு மூன்று ராத்திரியைத் தின்ற அந்த ஃபோகஸ்

எங்கள் வீட்டு ஜன்னலுக்கு நேரே சேர்வராயன் மலை. ஏப்ரல், மே மாதங்களில் மத்தியானம் வெயில் மண்டையைப் பிளக்கும். நாலு மணிக்கு மலைக்குப் பின்னால் மேகம் காலிஃப்ளவர் மாதிரி பொங்கும், இருட்டினதும் மின்னல்.

பார்த்த பிறகு பட்டனை அமுக்கினால் மின்னல் கிடைக்காது, அது ஒரு நொடிகூட நிற்பதில்லை. ஷட்டரை, அதாவது வெளிச்சத்தை உள்ளே விடும் கதவை, திறந்துவைத்துக் காத்திருக்க வேண்டும். கண்ணுக்கு ஒரு கோடாகத் தெரிவது, படத்தில் கிளை கிளையாகப் பிரிந்து விழும்.

மொட்டை மாடிக்குப் போகாதீர்கள். ஜன்னல் போதும். மின்னியதும் எண்ணுங்கள்; சத்தம் ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய மூன்று நொடி. முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது, கடையைக் கட்டுங்கள். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழித்துத்தான் வெளியே போகலாம். புனே இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் ‘தாமினி’ ஆப், பக்கத்தில் எங்கே இடிக்கிறது என்று காட்டும். அதைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

டிரைபாட் வாங்கணுமா? வேண்டாம். வளைகிற கால் வைத்த குட்டி டிரைபாடெல்லாம் காற்றடித்தால் ஆடும். துணிப்பையில் ஒரு கிலோ அரிசி போட்டு ஜன்னல் திட்டில் வைத்து, அதில் போனை அழுத்திப் பதியுங்கள். லென்ஸ் இரண்டு கம்பிக்கு நடுவில் பார்க்கட்டும். கம்பியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

கேமரா ஆப்பில் எல்லாவற்றையும் நாமே அமைக்கும் ப்ரோ மோடில் ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்ற அளவு) 100, ஷட்டர் 8 நொடி. வானம் இன்னும் வெளிச்சமாக இருந்தால் 2 நொடி. போன் அதிராமல் இருக்க 2 நொடி டைமர்.

இனிமேல்தான் நான் மாட்டிக்கொண்ட இடம். இருட்டில் ஆட்டோஃபோகஸ் தடுமாறிப் போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்ளும். முதல் ராத்திரி எடுத்த அத்தனை படத்திலும் கம்பி கூர்மை, மின்னல் பஞ்சுமிட்டாய். மறுநாள் ஃபோகஸை நாமே நகர்த்தும் மேனுவலுக்கு மாற்றி, ஸ்லைடரைத் தூரத்தைக் குறிக்கும் மலைப் படம் போட்ட கோடிவரை தள்ளினேன். அப்போதும் மங்கல்! என் போனில் அந்தக் கோடி, தூரத்து ஃபோகஸையும் தாண்டிப் போகிறது. மூன்றாம் ராத்திரிதான் வழி புரிந்தது: தூரத்து செல்போன் டவரின் சிவப்பு விளக்கைத் திரையில் பெரிதாக்கி, அந்தப் புள்ளி எங்கே மிகச் சிறியதாகிறதோ அங்கே ஸ்லைடரை நிறுத்துங்கள். என் போனில் கோடிக்குச் சற்று முன்னால். லென்ஸ் மாற்றினால் மறுபடி பார்க்க வேண்டும்.

அப்புறம் விடாமல் எடுத்துக்கொண்டே இருங்கள். நூறு எடுத்தால் இரண்டு தேறும். வீடியோ எடுத்து அதிலிருந்து ஒரு ஃப்ரேமை உருவலாம் என்பார்கள். எனக்கு அதில் கிடைத்ததெல்லாம் புள்ளி புள்ளியாக இருந்தது.

பின்சேர்க்கை: படம் முழுக்க வெள்ளையாகிறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். மின்னல் பலமாக இருக்கிறது. ஐஎஸ்ஓவை 50 ஆக்குங்கள்; அடுத்தடுத்து மின்னினால் ஷட்டரை 4 நொடியாகக் குறையுங்கள். இன்னொருவர், மலைமேல் பச்சையாக ஏதோ பறக்கிறது என்று படம் அனுப்பியிருந்தார். சாரலுக்குக் கண்ணாடியைச் சாத்தியிருக்கிறீர்கள் ஐயா, அதில் தெரிவது உங்கள் வீட்டு வைஃபை ரவுட்டர் விளக்கின் பிம்பம். ரவுட்டர் மேலே ஒரு துண்டைப் போடுங்கள்.