மனுநீதிச் சோழனின் தடம் தேடுவது எப்படி

அந்த முறை மனுநீதி நாள் முகாம் எங்கள் பள்ளி மைதானத்தில் நடந்தது. பந்தலில் கட்டியிருந்த பதாகையை எழுத்துக்கூட்டிப் படித்த எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னிடம் வந்து, “டீச்சர், எல்லாரும் மனு கொடுக்கிறதாலதான மனுநீதி நாள்னு பேரு?” என்றாள். சோழன், பசு, கன்று, மணி என்று அவளுக்குக் கதை முழுக்கத் தெரியும். பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறாள். ஆனால் பதாகையில் இருக்கும் மனுநீதியும் கதையில் வரும் மனுநீதியும் அவளுக்குள் ஒன்று சேரவே இல்லை.

அன்றிலிருந்து ஆண்டுக்கொரு பழம்பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு தடம் தேடுகிறேன். கண்ணகி, ஔவையார், பாரி என்று யாரை எடுத்தாலும் வழி ஒன்றுதான். நாங்கள் முதன்முதலில் தேடியது இந்தச் சோழரை என்பதால் அவரை வைத்தே சொல்கிறேன்.

தேடலை இன்றைய தேதியிலிருந்து தொடங்குங்கள். பழைய நூலை முதலில் எடுத்தால் பிள்ளைகள் மிரண்டுவிடுவார்கள், பெரியவர்களும்தான். அந்தப் பெயர் இப்போது எங்கெல்லாம் நடமாடுகிறது என்று ஒரு வாரம் கண்ணையும் காதையும் திறந்து வைத்திருங்கள். எங்களுக்குக் கிடைத்தவை: ஆட்சியர் கிராமத்துக்கே வந்து குறை கேட்கும் மனுநீதி நாள், சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கும் சிலை, திருவாரூர்க் கல்தேர். அதோடு, பஞ்சாயத்தில் யாராவது தன் பிள்ளை பக்கமே பேசினால் “நீயெல்லாம் மனுநீதிச் சோழனா?” என்று கேட்கும் வழக்கம். இந்தக் கடைசியை யாரும் எழுதி வைப்பதில்லை, ஆகவே அதைத்தான் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, கதையை அதன் எலும்பு வரைக்கும் சுருக்குங்கள். பெயர்கள், ஊர், சாமி எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் எது மிஞ்சுகிறது? தேர்க்காலில் ஒரு கன்று சாகிறது. தாய்ப்பசு மணியை அடிக்கிறது. அரசன் தன் மகனையே தேர்க்காலில் இடுகிறான். இந்த மூன்று வரியை ஓர் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். இனி எந்த நூலைத் திறந்தாலும் இந்த அட்டையோடு ஒப்பிட்டு, எது கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

இப்போது கைக்கு எட்டுகிற பழைய நூலுக்குப் போகலாம். நமக்கு அது சிலப்பதிகாரம். வழக்குரை காதையில் பாண்டியன் அவையில் நிற்கும் கண்ணகி, நீ யார் என்று கேட்ட அரசனுக்குத் தன் ஊரைச் சொல்கிறாள்:

வாயிற் கடைமணி நடுநா நடுங்க
ஆவின் கடைமணி உகுநீர் நெஞ்சுசுடத் தான்தன்
அரும்பெறற் புதல்வனை ஆழியின் மடித்தோன்
பெரும்பெயர்ப் புகாரென் பதியே

இந்த நான்கு அடிகளைக் கையால் எழுதச் சொல்வேன். செல்பேசியில் படம் எடுப்பது கணக்கில் வராது. எழுதும்போதுதான் ‘கடைமணி’ இரண்டு முறை வருவது விரலுக்குத் தெரியும். முதல் கடைமணி அரண்மனை வாயிலில் தொங்கும் மணி. இரண்டாவது, பசுவின் கடைக்கண் மணி. அங்கே மணியின் நா நடுங்குகிறது, இங்கே கண்மணியிலிருந்து நீர் கொட்டுகிறது, அந்த நீர் அரசனின் நெஞ்சைச் சுடுகிறது. ஒரு வகுப்பு நேரம் முழுவதும் இந்த ஒரு சொல்லிலேயே நின்றிருக்கிறோம். அது வீணான நேரம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

பிறகு, இல்லாதவற்றைப் பட்டியல் போடுங்கள். தேடலின் உயிர் இங்கேதான் இருக்கிறது. இந்த அடிகளில் அரசனுக்குப் பெயர் இல்லை. அமைச்சர் இல்லை. கன்றும் மகனும் உயிர்த்தெழவில்லை. திருவாரூரும் இல்லை, கண்ணகி சொல்வது புகார்! இதே நூலில் வாழ்த்துக் காதையின் அம்மானைப் பாட்டிலும் அவன் வருகிறான். அங்கேயும் ‘கறவை முறைசெய்த காவலன்’ என்பதோடு சரி. செயல்தான் அவனுக்குப் பெயராக இருந்திருக்கிறது. பெண்கள் அம்மானை ஆடிக்கொண்டே பாடுகிற பாட்டில் இரண்டே சொல்லில் சுட்டினால் போதும் என்கிற அளவுக்குக் கதை ஊரறிந்ததாக இருந்திருக்க வேண்டும்.

பழமொழி நானூற்றிலும் இப்படித்தான். ‘கறவைக் கன்று ஊர்ந்தானைத் தந்தையும் ஊர்ந்தான், முறைமைக்கு மூப்பு இளமை இல்’ என்று முடிகிறது அந்தப் பாட்டு. இங்கே சான்றோர்கள் விஷயத்தை மறைத்துக் காக்கப் பார்த்த குறிப்பும் உண்டு. என் பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடித்துப்போனது. பெரிய இடத்துப் பையன் செய்த தப்பை ஊர்ப் பெரியவர்கள் மூடி மறைப்பது அவர்கள் கண்ணால் கண்ட காட்சி.

அடுத்த அட்டை பெரியபுராணத்துக்கு. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இந்தக் கதையைத் திருவாரூரில் வைக்கிறார். அமைச்சர்கள் பரிகாரம் சொல்கிறார்கள், அரசன் ஏற்கவில்லை. இளவரசன் மேல் தேரைச் செலுத்தச் சொன்னதும் அமைச்சன் அதைச் செய்ய மனமில்லாமல் தன் உயிரை விடுகிறான். பிறகு அரசனே தேரைச் செலுத்துகிறான். கடைசியில் சிவபெருமான் தோன்ற, கன்று, மகன், அமைச்சன் மூவரும் எழுகிறார்கள்.

இந்த இடத்தில் பலர் “எது உண்மை?” என்று கேட்டுவிட்டுத் தேடலை முடித்துக்கொள்வார்கள். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அதற்குப் பதிலாக, சொல்கிறவருக்கு இந்த அரசன் எதற்குத் தேவைப்பட்டான் என்று கேளுங்கள். கணவனைப் பறிகொடுத்த பெண்ணுக்கு அவன் சாட்சி: எங்கள் ஊரில் பசுவுக்குக்கூட நீதி கிடைத்தது, உன் ஊரில் எனக்குக் கிடைக்கவில்லை என்று சொல்ல வேண்டும். அவள் சொல்லும் கதையில் மகன் உயிர்த்தெழ முடியாது, கோவலன்தான் உயிரோடு இல்லையே. சேக்கிழாருக்கு அவன் திருவாரூரின் பெருமை, இறையருளுக்குப் பாத்திரமானவன். அங்கே உயிர்த்தெழாவிட்டால் கதை முடியாது. எனக்கு இரண்டும் வேண்டும். இரண்டையும் கலந்து ஒரே கதையாக்கிவிடாதீர்கள். பாடநூல்களில் அப்படிக் கலந்துதான் கண்ணகியின் கோபம் காணாமல் போயிற்று.

எதிர்த்தரப்பு நூல் ஒன்றையும் கட்டாயம் பாருங்கள். நமக்கு அது இலங்கையின் மகாவம்சம். சோழநாட்டிலிருந்து வந்து அநுராதபுரத்தை 44 ஆண்டுகள் ஆண்ட எல்லாளனைப் பற்றி அது சொல்கிறது: படுக்கையின் தலைமாட்டில் மணி, அதற்கு நீண்ட கயிறு. திஸ்ஸ குளத்துக்குப் போன மகனின் தேரில் கன்று அடிபட, பசு மணியை ஆட்டுகிறது. அதே சக்கரத்தால் மகனின் தலை போகிறது. எல்லாளனைச் சிங்கள மன்னன் துட்டகைமுனு வென்றதைக் கொண்டாடும் நூல் இது. ஆனாலும் தோற்றவனின் நீதியைச் சொல்லாமல் விடவில்லை. வென்றவன் அவனுக்கு நினைவிடம் எழுப்பி மரியாதை செய்ததையும் சொல்கிறது. வேண்டியவர் பாடும் புகழைவிட எதிரியின் ஏட்டில் இருக்கும் இரண்டு வரிக்கு எடை அதிகம் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். மனுநீதிச் சோழனும் எல்லாளனும் ஒரே ஆள் என்று மட்டும் அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். ‘இருவர் மேலும் ஒரே கதை நிற்கிறது’ என்று எழுதினால் போதும்.

கல்லையும் போய்ப் பாருங்கள். திருவாரூர் தியாகராசர் கோயிலில் விக்கிரம சோழன் காலத்துக் கல்வெட்டு இந்தக் கதையைச் சொல்லி, அமைச்சனுக்கு உபயகுலாமலன் என்று பெயரும் தருகிறது. கோயிலுக்கு வடகிழக்கே கல்தேர் இருக்கிறது. அங்கே படம் எடுக்கும் முன், தேர்ச் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு நிமிடம் குனிந்து நில்லுங்கள். நின்று பார்த்த பிள்ளைகள் திரும்பும் வழியில் பேருந்தில் அதிகம் பேசவில்லை.

அண்மைக் காலத்தை விட்டுவிடாதீர்கள். 1854இல் வள்ளலார் ‘மனுமுறைகண்ட வாசகம்’ என்ற உரைநடை நூலை வெளியிட்டார். பசுவின் துயரைக் கண்ட அரசன், எந்தப் பாவத்தால் இது வந்ததென்று தன்னையே கேட்கிறான்: ‘நல்லோர் மனதை நடுங்கச் செய்தேனோ’ என்று தொடங்கி, வலிய வழக்கிட்டு மானம் கெடுத்தேனோ என்று கேள்வி நீண்டுகொண்டே போகும். இன்று அந்தப் பட்டியல் தனியாகக் கழன்று, வள்ளலார் சொன்ன பாவங்கள் என்று உலவுகிறது. யார் வாயில் எந்த நேரத்தில் வந்த சொற்கள் அவை என்பது உடன் வருவதில்லை. ஒரு பாத்திரத்தின் பேச்சு பாத்திரத்தை விட்டுப் பிரிந்து தானாக நடக்கத் தொடங்கினால் அதற்குத் தனி அட்டை போடுங்கள்.

கடைசியாக வீட்டுப் பெரியவர்களிடம் போக வேண்டும். “மனுநீதிச் சோழன் கதை தெரியுமா?” என்று கேட்காதீர்கள். தெரியும் என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்கள். “பசு மணியடிச்ச கதையைச் சொல்லுங்க” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும். இடையில் திருத்தக் கூடாது. புத்தகத்தில் அப்படி இல்லையே என்ற பேச்சே கூடாது. சொன்னதைச் சொன்னபடி எழுதி, தேதியையும் சொன்னவரின் வயதையும் ஊரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முகாம் அன்று கேள்வி கேட்ட பெண் தன் ஆத்தாவிடம் கேட்டு எழுதி வந்த அட்டை இன்னும் என் மேசையில் இருக்கிறது. அதில் அமைச்சர் இல்லை, சாமியும் இல்லை. தேர் ஏறி இளவரசன் செத்ததும் பசு அங்கேயே படுத்துக்கொண்டதாம். “அய்யோ, இன்னொரு தாயி வயிறும் எரியப்போகுதுன்னு தெரிஞ்சிருந்தா மணியத் தொட்டிருக்க மாட்டனேன்னு அழுதுச்சாம்.” நான் பார்த்த எந்த நூலிலும் பசு இரண்டாவது முறை அழவில்லை. அந்த அட்டையைச் சிலப்பதிகார அட்டைக்கு நேர் கீழே ஒட்டினோம்.