பழைய கார் கியர்பாக்ஸ்: சின்க்ரோ ரிங்கை அளந்து பாருங்கள்

கியர்பாக்ஸைப் பிரித்தால் பேரிங், ஆயில் சீல் எல்லாம் மாற்றுவார்கள். கியர் மாற்றும்போது கியரின் வேகத்தையும் ஷாஃப்டின் வேகத்தையும் சமன் செய்யும் பித்தளை சின்க்ரோ ரிங்கை மட்டும் கண்ணால் பார்த்துவிட்டு அப்படியே போட்டுவிடுவார்கள். கியர் போடும்போது பழைய கரகர சத்தம் திரும்புவது பெரும்பாலும் இதனால்தான்.

ரிங்கை கியரின் கூம்பில் அழுத்திப் பிடித்து, ரிங்குக்கும் கியரின் சிறு பற்களுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு மூன்று இடங்களில் அளந்து பாருங்கள். பல கியர்பாக்ஸ்களில் புது ரிங்குக்கு 1 மி.மீ. அளவில் இடைவெளி இருக்கும்; 0.5 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிடுவது நல்லது. உங்கள் வண்டியின் எல்லை சர்வீஸ் மேனுவலில் இருக்கும், அதுவே முடிவு. கூம்பில் எண்ணெய் தடவி ரிங்கை அழுத்தித் திருப்பினால் பிடித்து நிற்க வேண்டும். வழுக்கினால் ரிங்கின் உட்பக்க நுண்வரிகள் தேய்ந்துவிட்டன.

ஹப்பையும் (ஷாஃப்டில் அமரும் நடுப்பாகம்) ஸ்லீவையும் (அதன்மேல் நகர்ந்து கியரைப் பிடிக்கும் வளையம்) பிரிக்கும் முன் குறி போடுங்கள். பல கியர்பாக்ஸ்களில் திருப்பிப் போட்டால் கியர் விழாது. ஷாஃப்டில் பேரிங் ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும் அழுத்தம் கொடுங்கள். வெளிவளையத்தில் தட்டினால் குண்டுகள் தடம் பதித்து, புது பேரிங்கே இரையும்.

மேனுவல் ஜிஎல்-4 (கியர் எண்ணெயின் ஒரு தரம்) கேட்டால் அதையே ஊற்றுங்கள். ஜிஎல்-5 எண்ணெயின் வழுக்கலில் ரிங் சரியாகப் பிடிக்காமல் போகலாம், சில வகைகள் பித்தளையையும் அரிக்கலாம்.